பத்து மணி நேரப் பொறுமை

பேசாலையிலிருந்து ஒரு மாணவன் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறான். இரண்டு தாள், இரு பக்கமும் நெருக்கமான எழுத்து. கனடாவிலிருக்கும் அவனுடைய தாய்மாமன் ஒரு விளையாட்டுக் கார் அனுப்பியிருக்கிறாராம். கையிலே ஒரு கருவியை வைத்துக்கொண்டு வானொலி அலைகளால் தூரத்திலிருந்தே திருப்பவும் நிறுத்தவும் கூடிய கார். அதிலே உண்மையான எஞ்சின் பூட்டப்பட்டிருக்கிறது. ‘நைட்ரோ கார்’ என்று அதற்குப் பெயர். கார் வந்து சேர்ந்தது. அது குடிக்கும் எரிபொருள் வரவில்லை. எளிதில் தீப்பற்றும் திரவமாதலால் விமானப் பொதியில் வைத்து அனுப்ப முடியாது என்று மாமன் கைவிரித்துவிட்டார். ஆகவே கார் அலுமாரியின் மேல் ஏறி அமர்ந்திருக்கிறது. ஓட்ட வழியில்லாத பிள்ளை, அதனோடு வந்த கைந்நூலையாவது படிப்போம் என்று படித்திருக்கிறான். அங்கேதான் ஐயம் பிறந்திருக்கிறது.

முதல் சில தொட்டி எரிபொருள் தீருமட்டும் காரை வேகமாக ஓட்டலாகாது என்றும், இடையிடையே எஞ்சினை ஆறவிடவேண்டும் என்றும் அந்த நூல் கண்டிப்பாகச் சொல்கிறது. அதே மாதத்தில் அவனுடைய தந்தையாரும் கடன்பட்டுத் தமது படகுக்கு ஒரு புதிய வெளியிணைப்பு எஞ்சின் வாங்கியிருக்கிறார். அதனோடு வந்த நூலிலும் முதற் பத்து மணி நேரம் பற்றி ஏறக்குறைய இதே விதி. “புதிய பொருள்தானே நன்றாக ஓடவேண்டும்? புதிதாக இருக்கும்போது மெல்லப் போ, பழசான பிறகு விரைந்து போ என்பது என்ன நியாயம்? இதெல்லாம் கம்பனிக்காரருடைய வீண் பயம் என்று அப்பாவின் கூட்டாளிகள் சொல்லுகிறார்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார். யார் சொல்வது சரி?” என்று கேட்டிருக்கிறான்.

நம்முடைய பகுதிக்கு வரும் கேள்விகளில் இத்தகைய கேள்வி அரிது. வானத்து விண்மீன்களைப் பற்றியும் திமிங்கிலத்தின் எடையைப் பற்றியும் கேட்பவர்கள் பலர். தன் வீட்டு முற்றத்தில் கிடக்கும் யந்திரத்தைப் பற்றி, அதுவும் அந்த வாரத்திலேயே விடை தேவைப்படும் ஒரு கேள்வியைக் கேட்டவன் இவனாகத்தான் இருக்கவேண்டும். ஆதலால் இந்த வாரம் முழுவதையும் அவனுக்கே ஒதுக்கிவிட்டோம்.

முதலிற் சிறியதைப் பார்ப்போம். அலுமாரி மேல் இருக்கும் அந்தக் காரின் எஞ்சின் ஒரு தேசிக்காயைவிட அவ்வளவு பெரிதன்று. அதன் சிலிண்டரின் கொள்ளளவு பெரும்பாலும் 2 முதல் 3.5 கன சென்ரிமீற்றர். ஒரு தேக்கரண்டியின் அளவுகூட இல்லை! ஆயினும் அது நிமிடத்துக்கு 30,000 தடவைக்கு மேற் சுழல வல்லது. மன்னார்க் கடலில் ஓடும் எஞ்சின் தன் முழு வேகத்திலும் 5,000 சுற்றை ஒட்டியே நிற்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தச் சிறுவனின் துடுக்கு விளங்கும். இது குடிப்பது பெற்றோலும் அன்று. மெதனோல் என்னும் ஒருவகைச் சாராயமும், நைட்ரோமெதேன் என்னும் திரவமும், எண்ணெயும் கலந்த கலவை. தீப்பொறி தட்டும் பிளக் இதற்கில்லை. பிளாற்றினம் கலந்த சிறு கம்பிச்சுருள் ஒன்று தலையிலே இருக்கிறது. ஓட்டத் தொடங்கும்போது மட்டும் ஒரு மின்கலத்தால் அதனைச் சிவக்கச் செய்வார்கள். அதன்பின் மெதனோல் ஆவி அந்தப் பிளாற்றினத்தைத் தொடுவதாலும் எரிதலின் வெப்பத்தாலும் அது தானாகவே சிவந்தபடி இருக்கும். 1947ஆம் ஆண்டில் ரே ஆர்டன் என்னும் அமெரிக்கர் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னெல்லாம் சின்னஞ்சிறு விளையாட்டு விமானங்கள்கூடத் தீப்பொறிக்கான மின்கலத்தையும் சுருளையும் வயிற்றிலே சுமந்து பறக்கவேண்டியிருந்தது.

நமக்கு வேண்டியது அதன் சிலிண்டர். பெரும்பாலான இவ்வகை எஞ்சின்களில் ஒரு பித்தளை உறை இருக்கும்; உறையின் உட்புறத்திற் குரோமியப் பூச்சு; அதற்குள் அலுமினியப் பிஸ்டன். பெரிய எஞ்சின்களில் உள்ளதுபோல் பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் கிடையா. உறையானது மேலே போகப் போக மயிரிழையளவு ஒடுங்குகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கையாற் சுழற்றினால் பிஸ்டன் உச்சியிற் சென்று இறுகி நின்றுவிடும். புதியவர்கள் இதைப் பழுது என்று எண்ணிக் கடைக்காரனோடு சண்டைக்குப் போவதுண்டு. உண்மையில் அந்த இறுக்கமே அதன் உயிர். சூடேறியதும் பித்தளை உறை தலைப்பக்கத்தில் விரிந்து கொடுக்க, இறுக்கம் வேண்டிய அளவுக்குத் தளர்ந்து, காற்றுப் புகாத பொருத்தமாக அமைகிறது.

ஆகவே இதைப் பழக்குபவன் இரண்டு தவறுகளுக்கு நடுவே நடக்கவேண்டும். குளிர்ந்தபடியே நெடுநேரம் உறுமவிட்டால் அந்த இறுக்கம் அநியாயமாகத் தேய்ந்துபோகும். மிகையாகச் சூடேற்றி விரட்டினால் எண்ணெய்ப் படலம் அறுந்து உலோகம் உலோகத்தைக் கீறும். அனுபவசாலிகள் என்ன செய்கிறார்கள்? கூந்தல் உலர்த்தும் கருவியால் எஞ்சினின் தலையைச் சூடாக்கிக்கொண்டே முதன்முதல் முடுக்குகிறார்கள். எரிபொருளைத் தாராளமாக விட்டு, நீலப் புகை எழும்பும்படி, ஒரு தொட்டி தீருமட்டும் மெதுவாக ஓட்டுகிறார்கள். பிறகு ஆறவிடுகிறார்கள். ஆறும்போது பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்தல் அவசியம். உச்சியிலே நின்றால் ஆறிச் சுருங்கும் உறை அதனைக் கவ்விக்கொள்ளும். மறுபடி ஒரு தொட்டி, சற்றே கூடிய வேகம், மறுபடி ஆறுதல். இப்படி ஐந்தாறு முறை.

ஏன் இவ்வளவு உபசாரம்? அதற்கு நமது அடுக்களைக்குள்ளேயே விடை இருக்கிறது. புதிதாகப் பொளிந்த அம்மியிலே எந்தப் பெண்மணியாவது எடுத்த எடுப்பிற் கூட்டு அரைப்பாரா? தவிட்டையோ உப்பையோ போட்டு அரைத்து, கழுவி, மறுபடி அரைத்து, கல்லின் துகள் போன பின்புதான் மிளகாயை வைப்பார். இல்லையேல் அன்றைய கறியிற் கல் கடிபடும். புதிய சிலிண்டரும் பொளிந்த அம்மிதான். கண்ணுக்கு அது கண்ணாடிபோற் பளபளக்கும். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியின் கீழே பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள் தெரியும். அவை தொழிற்சாலையில் வேண்டுமென்றே இடப்பட்டவை. கீறலின் பள்ளத்தில் எண்ணெய் தங்கும். கீறலின் மேடு, பிஸ்டன் வளையம் உராய உராய மழுங்கி, இரண்டும் ஒன்றுக்கொன்று இசைந்த பரப்பாகிவிடும். அந்த இசைவு உண்டாகும் காலத்தையே ‘ரன்னிங் இன்’ என்று மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். நாம் பழக்குதல் என்று சொல்வோம். நாம்பன் மாட்டை நுகத்துக்குப் பழக்குவதற்கும் இந்தச் சொல்லைத்தானே வழங்குகிறோம்.

மேடுகள் மழுங்கும் அந்த நேரத்தில் உராய்வு அதிகம்; உராய்வு அதிகமானால் சூடும் அதிகம். இனி ஒரு சிறு கணக்கு. மாணவர்கள் கொப்பியில் எழுதிப் பார்க்கலாம். 60 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள அலுமினியத் துண்டு 100 பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.14 மில்லிமீற்றர் பெருக்கும். அதே அளவான வார்ப்பிரும்போ அதிற் பாதியளவே பெருக்கும். பிஸ்டன் அலுமினியம், அது ஓடும் சுவர் இரும்பு, போதாக்குறைக்குச் சுவரைக் கடல்நீர் குளிர்விக்கிறது, பிஸ்டனை நெருப்புச் சுடுகிறது. இரண்டுக்கும் இடையே தொழிற்சாலை விட்டிருக்கும் இடைவெளியோ ஒரு தலைமயிரின் பருமன். பிஸ்டன் அந்த மயிரிழையைத் தின்றுவிட்டால் என்னாகும்? சுவரைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும். ‘எஞ்சின் பிடித்துவிட்டது’ என்று கரையிலே சொல்வது இதைத்தான். புதிய எஞ்சினை முதல் நாளிலேயே முழு வேகத்தில் விரட்டுவதன் அபாயம் இவ்வளவே. இதிற் கம்பனிக்காரரின் பயம் ஒன்றுமில்லை. உலோகங்களின் சுபாவம் அது.

படகின் பின்புறத்தில் தொங்கும் இந்த எஞ்சினுக்கு ஒரு சுவையான பூர்வகதை உண்டு. ஓல் எவின்ரூட் என்பவர் நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறியவர். 1906ஆம் ஆண்டு கோடையில் ஓர் ஏரிக்கரையில் தம் காதலி ஐஸ்கிறீம் கேட்க, அதை வாங்கத் துடுப்பு வலித்துக்கொண்டு அக்கரைக்குப் போனாராம். திரும்புவதற்குள் அது உருகிப்போயிற்றாம். அந்த வெட்கத்திற் பிறந்ததுதான் இந்த யோசனை என்று சொல்வார்கள். 1909இல் அவர் அதை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார். ஐஸ்கிறீமுக்காகப் பிறந்த பொருள் நம் கரையிலே சோற்றுக்காக ஓடுகிறது.

இலங்கையில் 1950களின் பிற்பகுதியிலிருந்து மீன்பிடிக் கலங்களுக்கு யந்திரம் பூட்டும் திட்டங்கள் வேகமடைந்தன. 1960களின் பிற்பகுதியில் நோர்வேயின் உதவியோடு காரைநகரிற் சீ-நோர் படகுத்துறை எழுந்தது. மெல்ல மெல்லக் கண்ணாடிநார்ப் படகும் வெளியிணைப்பு எஞ்சினும் பாயையும் துடுப்பையும் வென்றுவிட்டன. பிறகு போர் வந்தது. எஞ்சினின் குதிரைவலுவுக்குக் கட்டுப்பாடு, கடலுக்குப் போகும் நேரத்துக்குக் கட்டுப்பாடு, எரிபொருளுக்குத் தடை. 1990களில் யாழ்ப்பாணத்தார் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு மோட்டார் சைக்கிளை முடுக்கி, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையை அக்காலத்தில் இளைஞராயிருந்த யாரும் மறந்திருக்கமாட்டார்கள். எரிபொருளில்லாமல் அலுமாரியில் ஏறிய அந்தச் சிறு கார் நமது ஊர்களுக்கு அந்நியமானதன்று என்று இதை எழுதும்போது தோன்றுகிறது.

மன்னார்க் கரையின் சிறிய படகுகளில் மிகுதியாகக் காணப்படுவது மண்ணெண்ணெயில் ஓடும் இரட்டை வீச்சு எஞ்சின். அதைப் பெற்றோலில் முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, குழாயிலுள்ள மண்ணெண்ணெய் எரிந்து தீரவிடவேண்டும். இல்லையேல் மறுநாள் கயிறு இழுத்துக் கை ஓய்ந்துபோகும். இந்த வகை எஞ்சினில் எண்ணெய்க்கென்று தனிக் கிண்ணம் இல்லை. எரிபொருளோடு கலந்து போகும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் தாங்கிகளுக்கும் ஒரே காவல். கலக்க மறந்தாலும் குறைத்துக் கலந்தாலும் அந்தக் காவல் இல்லை. பழகிய எஞ்சினுக்கு 50 பங்கு எரிபொருளுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று இருந்தால், பழகும் காலத்தில் 25 பங்குக்கு ஒரு பங்கு என்று பல நூல்கள் விதிக்கின்றன. அதாவது 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர் விடுவதற்குப் பதிலாக 400 மில்லிலீற்றர். புகை கூடும், பிளக்கிற் கரி படியும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். எஞ்சினுக்கு எஞ்சின் அளவு வேறுபடுமாதலால் நாம் எழுதியதை நம்பாமல் அதனதன் நூலைப் பார்த்துக்கொள்க.

அந்தப் பத்து மணி நேரத்தைப் பங்கிடும் முறையும் இருக்கிறது. முதற் சில நிமிடங்கள் மிக மெதுவான ஓட்டம். முதல் மணி நேரம் முடியுமட்டும் பாதி விசைக்கு மேற் போகலாகாது. இரண்டாம் மணி நேரத்தில் முக்கால் விசைவரை போகலாம். எஞ்சிய எட்டு மணி நேரத்தில் இடையிடையே முழு விசை கொடுக்கலாம். ஆனால் ஒரே மூச்சில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வேகத்தை ஒரே நிலையில் வைத்திராமல் கூட்டியும் குறைத்தும் ஓட்டவேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தவேண்டும். மெல்ல ஓட்டு என்றால், படகைக் கட்டிவைத்துப் பத்து மணி நேரமும் இழுவையில்லாமல் உறுமவிடு என்று பொருளன்று. அப்படிச் செய்பவர்களையும் கண்டிருக்கிறோம். பிஸ்டன் வளையத்தைச் சுவரோடு அழுத்துவது எரிவாயுவின் அமுக்கமே. இழுவை இல்லாவிட்டால் அமுக்கம் இல்லை. அமுக்கம் இல்லாவிட்டால் மேடுகள் மழுங்காமல், எண்ணெய் கருகி மினுக்குப் பூசியதுபோற் சுவர் வழுக்கிவிடும். பிறகு எத்தனை நாள் ஓட்டினாலும் இசைவு வராது. ஆகவே எஞ்சினுக்கு வேலை கொடுக்கவேண்டும், வதைக்கக் கூடாது. கூட்டாளிகளின் பேச்சில் இருக்கும் அரைக்கால் உண்மை இதுதான். யந்திரத்தைத் தாலாட்டி வளர்க்க முடியாது என்ற அளவில் அவர்கள் சொல்வது சரி.

இனி, மன்னாருக்கே உரிய சில செய்திகள். தீவுக்கு வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் கலங்கும். சோளகம் எழுந்தால் தென்கடல் பொங்கும். ஒரு கடல் சீறும்போது மற்றக் கடல் ஓரளவு அடங்கியிருப்பது இத்தீவாருக்கு இயற்கை அளித்த சலுகை. எஞ்சினைப் பழக்குவோர் அடங்கிய பக்கத்தையே தேடிக்கொள்ளவேண்டும். கொந்தளிப்பில் அகப்பட்ட படகுக்கு விசையை அளந்து கொடுக்க முடியாது. கரை சேர எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும் கொடுக்கவேண்டி வரும்.

வடபுறக் கடல் ஆழம் குறைந்தது. பாக்கு விரிகுடாவில் 15 மீற்றரைத் தாண்டும் இடங்கள் அரிது. கரையோரம் நெடுந்தூரம் இடுப்பளவு நீர்தான். அடியிலே மணலும் சாதாழையும். எஞ்சின் தன்னைக் குளிர்விக்க நீரை உறிஞ்சும் வாயிலே சாதாழை சுற்றிக்கொள்ளும். மணல் உள்ளே போனால் நீரை ஏற்றும் சிறு இறப்பர்ச் சக்கரத்தை அரித்துவிடும். எஞ்சினின் பக்கத்திலே சிறு துவாரத்தினூடாக ஒரு நீர்த்தாரை பீறிட்டுக்கொண்டிருக்கிறதல்லவா? அந்தத் தாரை மெலிந்தால் எஞ்சினை உடனே நிறுத்தவேண்டும். புதிய எஞ்சினுக்கு இது இருமடங்கு உண்மை. முன் சொன்ன மயிரிழை இடைவெளியை நினைத்துக்கொள்க.

சில ஆண்டுகளுக்கு முன் வளைகுடாக் கரையோரம் ஓர் ஊருக்குப் போயிருந்தோம். ஊரின் பெயர் இங்கே வேண்டியதில்லை. வாடிக்குப் பின்னால், பெருக்கமரத்தின் நிழலில், சாக்கு ஒன்றினாற் போர்த்தப்பட்டு ஓர் எஞ்சின் கிடந்தது. வண்ணம் மங்கவில்லை. கம்பனியின் ஒட்டுக்கடதாசிகூட உரியவில்லை. விசாரித்தோம். வாங்கிய மூன்றாம் நாள் கடலிலே பிடித்துக்கொண்டதாம். முதல் நாள் குருவானவர் வந்து தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தார், மாலை போட்டார்கள், பிள்ளைகள் எல்லாம் படகிலேறி ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். மறுநாள் எண்ணெயைச் சோடாப் போத்தலால் மதிப்புப் பார்த்து ஊற்றினார்கள். மூன்றாம் நாள் தொலைக்கடலில் மீன் பட்டிருக்கிறது என்ற சேதி வந்தது. ஊர்ப் படகுகள் எல்லாம் பறந்தன, இவரும் பறந்தார். திரும்பி வரும்போது வேறொரு படகு இவரைக் கயிறு கட்டி இழுத்து வந்தது.

எஞ்சின் மீன் முதலாளி கொடுத்த முற்பணத்தில் வாங்கியது. முற்பணம் தீருமட்டும் பிடிக்கும் மீன் முழுவதையும் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கவேண்டும் என்பது பேச்சு. எஞ்சின் படுத்துவிட்டது, கடன் படுக்கவில்லை. பத்தாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்த மூத்த மகன் பிறத்தியார் படகிலே கூலிக்குப் போகத் தொடங்கினான். நாம் போன வேளை அவன் வலை உலர்த்திக்கொண்டு நின்றான்.

அவரை அவசரக்காரர் என்று நாம் மனத்துக்குள் தீர்ப்பெழுதிக்கொண்டிருந்தோம். அவருடைய மனைவியார் தேநீர் கொண்டுவந்து தந்தார். நாம் எண்ணியது முகத்திலே தெரிந்ததோ என்னவோ, “புத்தகத்தை மகன் வாசிச்சுச் சொன்னவன்தான் ஐயா. இவருக்கும் தெரியும். ஆனா அண்டைக்கு வீட்டில அரிசி இல்லை” என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு இந்த விஷயத்தைப் பற்றி நாம் முன்போல எழுத முடியவில்லை. விளையாட்டுக் காருக்குப் பொறுமை காட்டுவது எளிது. அதை ஓட்டுகிறவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அதற்குக் கொடுக்கலாம்; அவன் வீட்டு அடுப்பு அதை நம்பி எரியவில்லை. படகுக்காரனுடைய பத்து மணி நேரத்துக்கு விலை உண்டு. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது யாவருக்கும் நினைவிருக்கும். 24 லீற்றர் கொள்ளும் ஒரு தொட்டியை நிரப்ப அதுவரை 2,088 ரூபா. அதன்பின் 8,160 ரூபா. அந்நாட்களில் ஒரு தொட்டியை வெறும் பழக்கத்துக்காக எரிக்கச் சொல்லும் நூலைப் படகுக்காரன் மூடி வைத்தால் அவனைக் குறை கூற நமக்கு வாய் வருமா?

அவசரத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. வாரத்திற் சில இரவுகளில் எதிர்க்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகளின் விளக்குகள் தூரத்திலே வரிசையாகத் தெரியத் தொடங்கினால், விரித்த வலையை அவை அறுத்துக்கொண்டு போகுமுன் ஓடிச் சென்று தூக்கவேண்டும். அந்த நேரத்தில், இது ஆறாம் மணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு மேல் முழு விசை கூடாது என்று யார் கணக்குப் பார்ப்பார்? வலையின் விலையும் சிறிதன்று.

ஆகையால் மாணவனின் கேள்விக்கு விடை சொல்லும்போது இரண்டு பேரிடம் பேசவேண்டியிருக்கிறது. எஞ்சின் வைத்திருப்பவரிடம் சொல்வது இது: பத்து மணி நேரமும் எரிபொருளை வீணே எரிக்கவேண்டியதில்லை. கிட்டக் கடலிலே நண்டு வலைக்குப் போய்வரும் இரண்டு மூன்று நாளில் அந்த நேரம் தொழிலோடு தொழிலாகக் கழிந்துவிடும். சுமை இலேசு, தூரம் குறைவு, வலை வளைக்கும்போது விசையைக் கூட்டிக் குறைக்கும் பழக்கமும் தானாக அமைந்துவிடும். தொலைக்கடலையும் இரவுத் தொழிலையும் அந்த நாட்களுக்குத் தள்ளிவைத்தாற் போதும். எண்ணெயை அளவுகோப்பையாலேயே அளக்கவேண்டும். கோப்பையின் விலை ஒரு கிலோ மீனின் விலைகூட இல்லை.

கடன் கொடுப்பவரிடம் சொல்வது இன்னொன்று. எஞ்சினுக்குப் பணம் கொடுக்கும் முதலாளியும் சங்கமும் கொடுத்த மறுநாளிலிருந்தே மீனை எதிர்பார்ப்பது தங்கள் முதலுக்குத் தாங்களே குழி தோண்டுவதாகும். முதல் வாரத் தவணையை விட்டுக்கொடுத்து, அதனைக் கடைசியிலே சேர்த்துக்கொண்டால் அவர்களுக்கு நட்டம் ஒரு வாரத் தாமதம் மட்டுமே. பிடித்துப்போன எஞ்சின் யாருக்கும் வட்டி கட்டாது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இதைத் தம் கூட்டத்தில் ஒருமுறை எடுத்துப் பேசலாம். ஊருக்கு ஒரு பழைய மெக்கானிக்கையாவது, புதிய எஞ்சின் வாங்கியவருடன் முதல் நாள் கடலுக்கு அனுப்பி வைக்கலாம். கரையிலே கைதேர்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கேட்டாற் போவார்கள்.

காரைப் பற்றி அவனுக்கு ஒரு வார்த்தை. அந்த எரிபொருள் எங்காவது கிடைத்தாலும் தந்தையார் பக்கத்தில் இல்லாமல் தொடவேண்டாம். மெதனோல் நஞ்சு. சிறிதளவு வயிற்றுக்குட் போனாலும் கண் பார்வையைப் பறித்துவிடும்; உயிரையும் பறிக்கும். பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்கே தெரியாது. தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டாதலால் இதை எழுதுகிறோம். தம்பி தங்கையர் கைக்கெட்டாத இடத்தில், அதற்குரிய கலத்திலேயே இருக்கட்டும். இன்னொன்று: மெதனோல் ஈரத்தை இழுக்கும். ஓட்டி முடிந்ததும் தொட்டியை வெறுமையாக்கி, எஞ்சினுக்குள் சில துளி எண்ணெய் விட்டு வைக்காவிட்டால், மன்னாரின் உப்புக் காற்றில் தாங்கிகள் துருப்பிடித்துப் போகும். காரைவிட உப்புக் காற்றுக்கு வயது அதிகம்.

இவ்வளவையும் சுருக்கி முன்னரே அவனுக்குத் தபாலில் எழுதிவிட்டோம். பத்திரிகையில் வருமட்டும் அவன் தந்தையாரின் எஞ்சின் காத்திருக்காதல்லவா? கூடவே, ஒரு பழைய கொப்பியில் நேரத்தைக் குறித்து வரும்படியும் சொல்லியிருந்தோம். சென்ற வியாழக்கிழமை அவனிடமிருந்து மறுகடிதம் வந்தது. கொப்பியின் ஒரு பக்கத்தை அப்படியே பார்த்தெழுதி அனுப்பியிருக்கிறான். முதல் நாள் இரண்டு மணி நேரம், தென்கடல், நண்டு வலை, ஏழு கிலோ. இரண்டாம் நாள் இரண்டரை மணி நேரம். நீர்த்தாரை மெலிந்தது, நிறுத்திப் பார்த்தால் சாதாழை, அப்பா கையால் எடுத்தார். மூன்றாம் நாள் காற்று, போகவில்லை. நான்காம் நாள் மூன்று மணி நேரம். கூட்டுக்கணக்கு ஏழரை. இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறதாம். கூட்டாளிகள் சிரிக்கிறார்களாம். அப்பா எண்ணெய் கலக்கும்போது அளவுகோப்பையை இவன் கையிலே கொடுத்துவிடுகிறாராம்.

கார் இன்னமும் அலுமாரி மேல்தான் இருக்கிறது.